பேசவும் வரும், பாடவும் வரும்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! அருமையாகப் பேசக்கூடிய, ஆனால் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னாலும், கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

கைப்பேசி என்று சொன்னதும் முன்வரிசையில் நாலைந்து பேர் அதை மடியில் மறைக்கிறீர்கள். மறைக்காதீர்கள்! இன்றைக்கு நான் உங்களுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன். (சிரிப்பு)

பாட்டுக் கேட்க ஏற்றது பாட்டுக்கென்றே செய்த தனிக் கருவியா, பாட்டும் பாடுகிற கைப்பேசியா? இதுதான் நடுவர் அய்யா நமக்குக் கொடுத்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி வாக்மேன் என்றார், ஐபாட் என்றார், ஒலித் தரம் என்றார், ஏகாந்தம் என்றார். கண்ணை மூடி, காதில் மாட்டி, உலகத்தையே மறந்து கேட்க வேண்டுமாம்! தம்பி, உலகத்தை மறக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறவள். நான் உலகத்தை மறந்தால் பால் பொங்கி வழிந்துவிடும்! (கைதட்டல்)

சரி, தம்பி கொண்டாடுகிற அந்த வாக்மேனிடமிருந்தே தொடங்குகிறேன். 1979-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சோனி நிறுவனம் ஜப்பானில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் வெள்ளியும் கலந்த சின்னப் பெட்டி. அதில் ஒரு சங்கதி இருந்தது, தம்பி அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஹெட்போன் செருக அதில் ஒரு துளை அல்ல, இரண்டு துளை! அது மட்டுமா? ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதை அமுக்கினால் பாட்டுச் சத்தம் குறையும். உள்ளே இருக்கிற மைக் வழியாகப் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழும். அய்யா, இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்கென்றே பிறந்த அந்த முதல் கருவியைச் செய்தவர்களுக்கே என்ன தோன்றியிருக்கிறது? பாட்டும் வேண்டும், பேச்சும் வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து கேட்கவும் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது! நாளடைவில் அந்தப் பொத்தானும் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று. ஒற்றைத் துளை, ஒற்றை ஆள் என்று ஆகிவிட்டது. விட்ட குறை தொட்ட குறையாக அதை மறுபடி பிடித்துக்கொண்டது எங்கள் கைப்பேசி.

ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்த விஷயம் துளை அல்ல. காசு. அதுவும் யாருக்கு யார் காசு கொடுப்பது என்கிற விஷயம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தது 1980-களில். மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அப்பா வாங்கினது, அண்ணன் ஆண்டது! (சிரிப்பு) அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் தெரியும். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரம் கழித்துப் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏழு பாட்டு. பட்டியலை எழுதுவது யார்? அண்ணன். அவர் பாட்டு முதலில், அப்பா பாட்டு அடுத்து, அண்ணனின் சிநேகிதர்கள் பாட்டு அதற்கு அடுத்து. எல்லாம் முடிந்த பிறகு தாளின் அடியில் என் பாட்டு இரண்டு. கேசட் வந்து சேரும்போது பார்த்தால், நாடா தீர்ந்துபோயிருக்கும். என் பாட்டில் ஒன்று பல்லவியோடு நின்றிருக்கும். இன்னொன்று ஏறியே இருக்காது.

சிரிக்கிறீர்கள். இன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் எங்கள் அம்மாவின் பாட்டு ஒன்றுகூட இருந்ததில்லை. அம்மாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, அண்ணன் போட்ட பாட்டைக் கேட்டுக்கொள்வார்கள்.

நடுவர் அய்யா, தனிக் கருவி என்றால் என்ன பொருள்? அதற்குத் தனியாகக் காசு ஒதுக்க வேண்டும் என்று பொருள். நம்ம வீடுகளில் அரிசிக்கு ஒதுக்குவோம், பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்குவோம், வைத்தியத்துக்குக் கடன் வாங்கியாவது ஒதுக்குவோம். பாட்டுக் கேட்க என்று ஒதுக்குவோமா? அதிலும் வீட்டுப் பெண்ணுக்கு? "அப்பா, எனக்கு ஒரு வாக்மேன் வேணும்" என்று ஒரு பெண் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? போய்ப் படி!" ஆனால் "அப்பா, காலேஜ் விட்டு வர நேரமாகுது, ஒரு செல்போன் இருந்தா நல்லது" என்று கேட்டுப் பாருங்கள். "அட ஆமா, பத்திரமா வந்து சேர்ந்தியான்னு கேட்கவாவது வேணுமே" என்று அப்பாவே கடைக்குக் கூட்டிப் போவார். வாங்கி வந்தது பத்திரத்துக்கு. உள்ளே கூடவே வந்தது பாட்டு! அவசியத்தின் முதுகில் ஏறிக்கொண்டு ஆசை வீட்டுக்குள் வந்துவிட்டது அய்யா! (கைதட்டல்)

இதுதான் என் கட்சி. பிளேயர் என்பது ஆசை. ஆசைக்குக் காசு கேட்க எல்லோராலும் முடியாது. கொத்தனாரால் முடியாது, சித்தாளால் முடியாது, பஞ்சாலை விடுதியில் இருக்கிற பெண் பிள்ளையால் முடியாது. கைப்பேசி அவசியம். வேலை இருக்கிறதா என்று மேஸ்திரி கூப்பிடுவதற்காக வாங்கியது. அதிலேயே பாட்டு வந்தபோது, பாட்டுக்கென்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

ஐபாட் பெருமையைத் தம்பி நீட்டி முழக்கினார். 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் அதை வெளியிட்டது. சட்டைப் பைக்குள் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். பொய்யில்லை, ஆயிரம் பாட்டு பிடிக்கும். விலை 399 டாலர். அது மட்டும் இருந்தால் போதுமா? பாட்டை ஏற்ற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதுவும் முதலில் வந்த ஐபாடுக்கு ஆப்பிள் கம்ப்யூட்டரேதான் வேண்டும். குதிரை வாங்கினால் போதாது, லாயமும் அவன் கடையிலேதான் கட்ட வேண்டும்! (சிரிப்பு) அந்த வருடத்தில் நம்ம தெருவில் எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது?

கைப்பேசி என்ன செய்தது? அதில் ஒரு மெமரி கார்டு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தை ஒட்டின கடைக்குப் போனால், "இங்கே பாடல்கள் ஏற்றித் தரப்படும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பான். பத்தோ இருபதோ கொடுத்தால் நூறு பாட்டு, இருநூறு பாட்டு. கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் இருக்கும், பாட்டு நம்மிடம் இருக்கும். அந்த ரெக்கார்டிங் சென்டருக்குப் பேரன் பிறந்த மாதிரி! ஆனால் ஒரு வித்தியாசம். ஒரு ஜி.பி. கார்டில் சுமார் இருநூறு பாட்டுக்கு இடம் இருந்தது. நாடா தீர்ந்து எந்தத் தங்கச்சியின் பாட்டும் பல்லவியோடு நிற்கவில்லை.

எதிரணித் தம்பி கையைத் தூக்குகிறார். தெரியும், "அது திருட்டுப் பாட்டு அல்லவா?" என்பார். ஆமாம். அந்தக் கடைகளில் பெரும்பாலும் உரிமைத்தொகை கட்டாத பாட்டுதான். பாடினவருக்கும், இசையமைத்தவருக்கும், எழுதினவருக்கும் அதில் காலணா போகவில்லை. தமிழ் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், எழுதினவன் கூலியைத் திருடுவது சரி என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, பிளேயருக்குள் வந்த பாட்டெல்லாம் ரசீதோடு வந்ததா? அந்தப் பாவத்தில் இரண்டு அணிக்கும் பங்கு உண்டு. (கைதட்டல்)

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். பிளேயர் செய்தவர்களே கடைசியில் எங்கள் அணிக்கு வந்து சேர்ந்த கதை! 2005-ல் சோனி எரிக்சன் டபிள்யூ 800 என்று ஒரு கைப்பேசி வந்தது. அதன் நெற்றியில் என்ன பெயர் தெரியுமா? வாக்மேன்! இருபத்தாறு வருடம் கட்டிக் காத்த குலப்பெயரை எடுத்துக் கைப்பேசிக்குச் சூட்டிவிட்டார்கள். அதே 2005 செப்டம்பரில் மோட்டரோலா நிறுவனம் ஆப்பிளோடு சேர்ந்து ராக்கர் என்று ஒரு கைப்பேசி கொண்டுவந்தது. ஐட்யூன்ஸ் அதற்குள் உண்டு. ஆனால் கார்டில் இடம் மிச்சம் இருந்தாலும் நூறு பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள்! இந்தப் பக்கம் அதே நாளில், அதே மேடையில், ஐபாட் நானோவை எடுத்துக் காட்டினார்கள். மருமகளை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, இலையில் ஒரு கரண்டி சோறோடு நிறுத்தின கதைதான்! (சிரிப்பு) கைப்பேசி வயிறாரச் சாப்பிட்டால் தன் பிளேயர் பட்டினி கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் என்ன? 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது, மூன்று பொருள் கொண்டுவந்திருக்கிறேன் என்று தொடங்கி, அதில் முதலாவதாகச் சொன்னது ஐபாட். ஒரு ஐபாட், ஒரு தொலைபேசி, ஒரு இணையக் கருவி. மூன்றும் ஒன்றே என்று முடித்தார். மறுவருடக் கணக்கில் ஐபாட் ஐந்து கோடியே நாற்பத்தெட்டு லட்சம் விற்றது. அதுதான் உச்சி. அதற்குப் பிறகு இறங்குமுகம். 2022 மே மாதத்தில் கடைசி ஐபாடையும் நிறுத்துவதாக ஆப்பிளே அறிவித்துவிட்டது. வெளியாள் வந்து வீழ்த்தவில்லை அய்யா, சொந்தப் பிள்ளையிடம் தோற்றது. பிள்ளையிடம் தோற்றால் அது தகப்பனுக்குப் பெருமைதானே! எதிரணி ஏன் அழ வேண்டும்?

ஒலித் தரம் பற்றிச் சொன்னார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. நல்ல பிளேயரின் ஒலி நல்ல ஒலி. 2016-ல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் செருகும் துளையையே அடைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து நானும்தான் எரிச்சல்பட்டேன். பேருந்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவனுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவனை நடத்துனர் இறக்கிவிட்டால் முதலில் கைதட்டுகிறவள் நான். ஆனால் தரம், தரம் என்கிறார்களே, அந்தத் தரம் என்ன விலை? 2022-ல் சோனி ஒரு வாக்மேன் வெளியிட்டது. செம்பிலே உடம்பு, அதன்மேல் தங்க முலாம். விலை லட்சங்களில்! நடுவர் அய்யா, அது பாட்டுக் கேட்கவா, பெண்ணுக்குச் சீர் வைக்கவா? (பலத்த சிரிப்பு)

அடுத்து, பாட்டுக்கு நடுவில் அழைப்பு வந்து ரசனையைக் கெடுக்கிறது என்றார் தம்பி. சபாவில் கச்சேரி நடக்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்குவார். அவ்வளவுதான், பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும்! போன தலைமுறையில் எழுந்து போனவர் கையில் கைப்பேசியா இருந்தது? ரவா தோசை கூப்பிட்டது, போனார். கவனம் சிதறுவது கருவியின் குணமல்ல, நம்ம குணம். கைப்பேசியாவது பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பாடுகிறது. மிருதங்கக்காரர் நமக்காக மறுபடி வாசிப்பாரா?

எதிரணிச் சகோதரி ஒரு நல்ல பாயிண்ட் வைத்தார்கள். கார்வான். 2017-ல் சரிகம நிறுவனம் கொண்டுவந்தது. பழைய ரேடியோ மாதிரி தோற்றம், உள்ளே ஐயாயிரம் பாட்டு. தமிழுக்கும் தனியாக வந்தது. தொடுதிரையில் தடுமாறுகிற வயதானவர்களுக்குத் திருகினால் பாடுகிற பெட்டி எவ்வளவு ஆறுதல் என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். எத்தனையோ பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் சகோதரி, அதே நிறுவனம் பின்னால் என்ன செய்தது என்று நீங்கள் சொல்லவில்லையே? பாட்டுகளை உள்ளே வைத்து, பட்டன் வைத்த ஒரு கைப்பேசியை, அதே கார்வான் என்கிற பெயரில் விற்க வந்தது! உங்கள் சாட்சியே எங்கள் பக்கம் வந்து நின்றால் நான் என்ன செய்ய? (கைதட்டல்)

அய்யா, கடைசியாக ஒன்று. பிளேயர் பாடும். எதைப் பாடும்? யாரோ பாடி, யாரோ பதித்து, யாரோ விற்றதைப் பாடும். விற்பனைக்கு வராத பாட்டு எத்தனை இருக்கிறது நம்ம ஊரில்? நாற்று நடவில், கும்மியில், தொட்டில் பக்கத்தில், இழவு வீட்டில் பாடின பாட்டுக்கெல்லாம் கேசட் யார் போட்டார்கள்?

2010 வாக்கில் என்னிடம் எம்.ஃபில். ஆய்வுக்கு ஒரு மாணவி இருந்தாள். சிவகங்கைப் பக்கம் ஊர். தாலாட்டுப் பாடல்கள்தான் தலைப்பு. பாட்டுச் சேகரிக்க வேண்டும். துறையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது, அதை இரவல் வாங்கக் கையெழுத்து வாங்குவதற்குள் ஆய்வே முடிந்துவிடும்! அவளிடம் ஒரு பட்டன் கைப்பேசி. அப்பா வாங்கித் தந்தது, பத்திரத்துக்காக. அதில் பதிந்துகொண்டு வருகிறேன் என்று போனாள். வேறு எங்கும் போகவில்லை, சொந்த அப்பத்தாவிடம்தான் போனாள். சில பிளேயரிலும் ரெக்கார்டிங் உண்டு என்று தம்பி முணுமுணுக்கிறார். உண்டு தம்பி. அவளிடம் பிளேயர் ஏது? அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். முதல் தாலாட்டைப் பாதி பாடியிருக்கிறது கிழவி. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்து பதிவு நின்றுபோயிற்று. எதிரணிக்கு இந்த ஒரு மதிப்பெண்ணை நானே எடுத்துத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்! (சிரிப்பு) "எவண்டி அவன், பிள்ள தூங்குற நேரத்துல?" என்று திட்டிவிட்டு, அப்பத்தா முதலிலிருந்து பாடியிருக்கிறது. முடிந்ததும் இவள் அதைப் போட்டுக் காட்டினாள். அப்பத்தா காதைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டுவிட்டு, "யாருடி பாடுறது? கொரலு தேவலையே!" என்று கேட்டிருக்கிறது.

"நீதான் அப்பத்தா!"

"நானா?"

அய்யா, அந்த அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல். ஆறு பிள்ளைக்குப் பாடின குரல், பதினைந்து பேரப் பிள்ளைக்குப் பாடின குரல். தன் குரலை அது கேட்டதே அன்றைக்குத்தான். "இன்னொரு தடவ போடு" என்றது. மறுபடி போட்டாள். அப்புறம் தானாகவே அடுத்தடுத்து எட்டுப் பாட்டுப் பாடியிருக்கிறது. கார்டில் இடம் போதவில்லை என்று அந்தப் பிள்ளை தன் சினிமாப் பாட்டை ஒவ்வொன்றாக அழித்து அழித்து இடம் பண்ணியிருக்கிறாள். என் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். நடுவில் ஒரு ஆடு கத்துகிறது. யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிறார்கள். தரம் கேட்டால் தம்பி, பத்துக்கு மூன்று கூடப் போட மாட்டீர்கள்.

அப்பத்தா இரண்டு வருடத்தில் போய்விட்டது. அந்தக் கைப்பேசியும் பழுதாகிவிட்டது. கார்டை எடுத்து அடுத்த கைப்பேசியில் போட்டாள், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு மாற்றினாள். இப்போது அவள் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள், இடுப்பில் கைக்குழந்தை. பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை சிணுங்கியது. பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "உன் அம்மாயி வீட்டுப் பாட்டா, அப்பத்தா வீட்டுப் பாட்டா?" என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே எதையோ அமுக்கினாள். அதே குரல். அதே இடத்தில் ஆடு கத்தியது. பிள்ளை கண்ணை மூடிவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அய்யா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கைப்பேசியில்தான் மணி பார்க்கிறார், அதுவே எனக்குப் போதும்! (சிரிப்பு) (பலத்த கைதட்டல்)